சூரிய, சந்திர உதய மறைவு நேரங்களை மாணவர்களுடன் ஓராண்டு பதிவு செய்தல்: அட்டவணை போதுமா, வானத்தைப் பார்க்க வேண்டுமா?

#1 நிழற்கோல்

நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். வரும் கல்வியாண்டு முழுவதும் மாணவர்களைக் கொண்டு சூரியனும் சந்திரனும் உதிக்கும், மறையும் நேரங்களைப் பதிவு செய்ய வைக்கலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து வரைபடம் போடச் சொன்னால் ஒரே பாடவேளையில் வேலை முடிந்துவிடும். ஆனால் வானத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பாராத மாணவரும் அதே வரைபடத்தைப் போட்டுவிடுவார் என்பதுதான் என் தயக்கம். நேரில் பார்க்கச் சொல்லலாம் என்றால், கட்டடமும் மரமும் தொடுவானத்தை மறைக்கின்றன, சூரிய உதயம் பள்ளி தொடங்குவதற்கு வெகு முன்பே நிகழ்ந்துவிடுகிறது, சந்திரனோ மாதத்தின் பல நாள்கள் எல்லாரும் உறங்கும் வேளையில் உதிக்கிறது.

முன்னோட்டமாகச் சில மாணவர்களிடம் ஓராண்டு அட்டவணையைக் கொடுத்து வரையச் சொன்னேன். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 என்று பாடநூல் சொல்லும்போது, சூரியன் மிக முன்னதாக மறையும் நாள் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ஏன் வந்துவிடுகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூலில் இதற்கு விடை இல்லை. அட்டவணையையும் நேரடிக் கவனிப்பையும் எந்த விகிதத்தில் கலப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 வடமீன்

விகிதத்தைப் பேசுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அட்டவணையில் உள்ள ‘உதயம்’ என்பது ஒரு வரையறையின் விளைவு. தடையற்ற, கடல்மட்டத்துக்கு இணையான தொடுவானத்தில் சூரிய வட்டத்தின் மேல்விளிம்பு தென்படும் கணம் என்பதே அந்த வரையறை. வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் தொடுவானத்தில் உள்ள பொருள் சுமார் 34 கலை உயர்ந்து தெரிகிறது (ஒரு பாகைக்கு 60 கலை). சூரியனின் ஆரம் சுமார் 16 கலை. ஆகவே சூரியனின் மையம் உண்மையில் தொடுவானத்துக்கு 50 கலை கீழே இருக்கும்போதே அட்டவணைப்படி உதயம் நிகழ்ந்துவிடுகிறது. மாலையிலும் இதே கணக்குதான். பகலும் இரவும் சமமாக இருக்கும் என்று நாம் சொல்லித்தரும் நாளில் பகல் 12 மணிக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுவே: நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 7 நிமிடம், 40 பாகை அட்சரேகையில் ஏறத்தாழ 9 நிமிடம்.

இனி, கட்டடம் மறைக்கிறது என்ற குறைக்கு வருகிறேன். அதை நான் குறையாகவே கருதவில்லை. நிற்கும் இடத்திலிருந்து கிழக்கே உள்ள கூரை 5 பாகை உயரத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும், எளிய கோணமானியும் நூற்குண்டும் இருந்தால் இன்னும் நன்று.) பூமி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது என்று அறிந்த மாணவர், நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் கூரைக்கு மேல் வரும் நேரம் அட்டவணை நேரத்திலிருந்து 20 நிமிடம் பிந்தும் என்று கணக்கிடுவார். கவனித்துப் பார்த்தால் 21 நிமிடத்துக்கும் மேலே வரும். தொடுவானத்தில் 34 கலையாக இருந்த ஒளிவிலகல் 5 பாகை உயரத்தில் சுமார் 10 கலையாகக் குறைந்துவிடுகிறது; ஆகவே பார்வைக்கு 5 பாகை ஏறுவதற்குச் சூரியன் உண்மையில் 5 பாகை 24 கலை ஏற வேண்டியிருக்கிறது. அட்டவணை ஓர் எண்ணைத் தருகிறது, நம் கண் வேறோர் எண்ணைத் தருகிறது, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் வளிமண்டலம் ஒளிந்திருக்கிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாலும் இந்தப் பாடம் கிடைக்காது. அட்சரேகை கூடக்கூடச் சூரியனின் பாதை சாய்ந்துவிடுவதால் தாமதமும் கூடும்; 40 பாகையில், சம பகலிரவு நாளையொட்டி, அதே கூரை சுமார் 28 நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

#3 அடிவானக்கோடு

வடமீன் அவர்களின் கணக்கில் பிழையில்லை. ஆனால் 12 வயது மாணவரிடம் அது எந்த அளவுக்குச் சென்று சேரும் என்பது எனக்கு ஐயமே. என் பார்வையில், நேரத்தைக் காட்டிலும் இடமே முதலில் பதிவு செய்யத்தக்கது. தரையில் ஒரு குறியிட்டு, ஒவ்வொரு முறையும் அதே குறியில் நின்று, கிழக்கிலோ மேற்கிலோ தெரியும் கட்டடங்கள், கோபுரங்கள், மர உச்சிகள் ஆகியவற்றின் வெளிக்கோட்டை ஒரு நீளத் தாளில் வரைந்துகொண்டால் போதும். சூரியன் அந்தக் கோட்டை எங்கே கடக்கிறது என்பதை வாரத்துக்கு ஒருமுறை குறித்து, பக்கத்தில் தேதியை எழுத வேண்டும். கடிகாரம் வேண்டாம், செயலி வேண்டாம், வரையறையைப் பற்றிய கவலையும் வேண்டாம்.

சம பகலிரவு நாளையொட்டிய வாரங்களில் சூரியன் உதிக்கும் இடம் ஒரு வாரத்தில் ஏறத்தாழ 3 பாகை நகர்ந்துவிடும். சூரியனின் அகலம் அரைப் பாகையே என்பதால் அது ஐந்து சூரிய அகலங்களுக்கும் மேல். எந்த மாணவரும் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஜூன் 21, டிசம்பர் 21 ஆகிய நாள்களுக்கு அருகிலோ, ஒரு வார நகர்வு சூரிய அகலத்தில் பாதியைக்கூட எட்டாது. குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பிறகு திரும்பி வரத் தொடங்கும். வடக்கு 13 பாகை அட்சரேகையில் இந்த ஊசல் நேர்க்கிழக்கிலிருந்து இருபுறமும் சுமார் 24 பாகை, 40 பாகையில் சுமார் 31 பாகை. அச்சின் சாய்வு 23.4 பாகை என்று படித்ததை மாணவர் தம் தாளிலேயே காணலாம். நேரப்பதிவில் இத்தகைய தெளிவு கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

#4 எண்கோடு

கணித ஆசிரியை என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. இடப்பதிவு அழகானது, ஐயமில்லை. ஆனால் நிழற்கோல் அவர்களின் மாணவி கேட்ட கேள்விக்கு இடப்பதிவு ஒருநாளும் விடை சொல்லாது, நேரப்பதிவு சொல்லும். அதற்கு ஒரு சிறிய கூட்டலும் ஒரு சிறிய கழித்தலும் போதும்.

உதய நேரத்தையும் மறைவு நேரத்தையும் தனித்தனிக் கோடுகளாக வரைவதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அந்த இரண்டு கோடுகளிலும் இரண்டு வேறு நிகழ்வுகள் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் அவை கோணலாகத் தெரிகின்றன. மறைவிலிருந்து உதயத்தைக் கழித்தால் பகலின் நீளம் கிடைக்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பகலின் நடுக்கணம், அதாவது சூரியன் உச்சியைக் கடக்கும் நேரம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, உதயம் 6:20, மறைவு 18:10 என்றால் பகல் 11 மணி 50 நிமிடம், நடுப்பகல் 12:15. ஓராண்டுக்கு இவற்றைத் தனித்தனியே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். பகல் நீளத்தின் கோடு ஜூன் 21, டிசம்பர் 21 ஆகிய நாள்களைச் சுற்றி ஏறத்தாழச் சமச்சீராக அமையும். பாடநூல் சொல்வது அந்தக் கோட்டைத்தான். நடுப்பகலின் கோடோ முற்றிலும் வேறு வடிவத்தில், ஆண்டில் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். பிப்ரவரி 11-ஐ ஒட்டி நடுப்பகல் சராசரியை விடச் சுமார் 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் 3-ஐ ஒட்டிச் சுமார் 16 நிமிடம் முந்துகிறது. வானியலில் இதைக் காலச் சமன்பாடு என்பார்கள். சூரியனைப் பூமி நீள்வட்டத்தில் சுற்றுவதும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் இதற்கான இரண்டு காரணங்கள். டிசம்பர் இறுதியில் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. ஒரு நடுப்பகலிலிருந்து மறு நடுப்பகல் வரையான இடைவெளி அப்போது 24 மணியை விடச் சுமார் 30 நொடி அதிகம்.

மாணவியின் விடை இப்போது தானாக வந்துவிடும். டிசம்பர் 21-ஐ ஒட்டிப் பகல் நீளம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. நடுப்பகல் மட்டும் நாளுக்கு அரை நிமிடம் பிந்திக்கொண்டே போகிறது. எனவே உதயமும் மறைவும் சேர்ந்தே பிந்துகின்றன. மறைவு தன் மிக முந்திய நிலையை ஏற்கெனவே தாண்டிவிட்டது. உதயம் தன் மிகப் பிந்திய நிலைக்கு இன்னும் வரவில்லை. வடக்கு 40 பாகையில் மிக முந்திய மறைவு டிசம்பர் 7-ஐ ஒட்டியும், மிகப் பிந்திய உதயம் ஜனவரி 4-ஐ ஒட்டியும் வருகின்றன. வடக்கு 13 பாகையில் பகல் நீளத்தின் மாற்றம் மிகச் சிறியதாகையால் நடுப்பகலின் நகர்வே ஓங்கி நிற்கிறது. மறைவு நவம்பர் 20-ஐ ஒட்டியும், உதயம் ஜனவரி 24-ஐ ஒட்டியும் திரும்புகின்றன. நிலநடுக்கோட்டிலேயே பள்ளி இருந்தால் பகல் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றே. அங்கே உதயமும் மறைவும் கைகோத்தபடி, சுமார் 31 நிமிட வரம்புக்குள் முன்னும் பின்னுமாக நகரும். தென் அரைக்கோளத்து மாணவர் டிசம்பரில் நீண்ட பகலைக் காண்பதால் அவருக்கு மிக முந்திய உதயம் டிசம்பர் 21-க்கு முன்பும், மிகப் பிந்திய மறைவு அதற்குப் பின்பும் வரும்.

இவ்வளவும் ஒரு கூட்டல், ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் ஆகியவற்றில் அடங்கிவிடுகின்றன. ‘12 வயது மாணவருக்கு எட்டாது’ என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

#5 புதுப்பலகை

ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறேன்; மூத்தவர்களின் விவாதத்தில் குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். சூரியனைப் பற்றி எண்கோடு அம்மா எழுதியது தெளிவாக இருக்கிறது. ஆனால் சந்திர அட்டவணையில் மாதத்துக்கு ஒரு நாள் உதயக் கட்டம் வெறுமையாகக் கோடிட்டு விடப்பட்டிருக்கிறது. மறைவுக் கட்டமும் அப்படியே வேறொரு நாளில். அச்சுப்பிழையோ என்று முதலில் நினைத்தேன், ஆனால் எல்லா அட்டவணைகளிலும் அப்படித்தான் உள்ளது. மேலும், சந்திரன் ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் பிந்தி உதிக்கும் என்று படித்திருக்கிறோம். ஒரு பிறை மாதம் 29.53 நாள் என்பதால் 1440 நிமிடத்தை 29.53-ஆல் வகுத்தேன். கிடைப்பது 49-க்கும் சற்றுக் குறைவு. 50 எங்கிருந்து வருகிறது?

#6 பிறைநோக்கி

புதுப்பலகை அவர்களின் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரையான 29.53 நாள்களில் சூரியன் எத்தனை முறை உதிக்கிறதோ, அதைவிடச் சந்திரன் ஒரு முறை குறைவாக உதிக்கிறது. ஏனெனில் அந்தக் காலத்தில் அது சூரியனைவிட ஒரு முழுச் சுற்றுப் பின்தங்கிவிடுகிறது. ஆகவே 29.53 நாளை 28.53-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 24 மணி 50 நிமிடம், அதன்மேல் சுமார் அரை நிமிடம். சூரியனுக்கு நாள்தோறும் ஓர் உதயம் இருக்க, சந்திரனுக்கு மாதத்தில் ஓர் உதயம் குறைகிறதென்றால், ஏதோ ஒரு தேதி உதயமின்றி நின்றாக வேண்டும். திங்கள் இரவு 11:40-க்கு உதித்தால் அடுத்த உதயம் புதன் அதிகாலை 12:30-க்கு. செவ்வாய்க்கு உதயமே இல்லை. நள்ளிரவையொட்டி உதிப்பது தேய்பிறை அரைநிலவு என்பதால் உதயமற்ற நாள் அதன் அருகில் விழும்; நள்ளிரவையொட்டி மறைவது வளர்பிறை அரைநிலவு என்பதால் மறைவற்ற நாள் அதன் அருகில் விழும். அட்டவணையைப் பாராமலே அடுத்த மாதத்து வெற்றுக் கட்டம் எந்தத் தேதியில் வரும் என்று மாணவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முன்பின் வந்தாலும் அது வெற்றியே.

ஆனால் ‘ஒவ்வொரு நாளும் 50 நிமிடம்’ என்ற வாக்கியத்தை வகுப்பறையிலிருந்து வெளியேற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது சராசரி மட்டுமே. சந்திரன் தன் நீள்வட்டப் பாதையில் பூமிக்கு அருகில் வரும்போது நாளுக்கு 15 பாகைக்கு மேலும், தொலைவில் இருக்கும்போது 12 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் நகர்கிறது. இது ஒரு காரணம். உயர்ந்த அட்சரேகைகளில் இதைவிட வலிமையான காரணம் வேறொன்று: வட அரைக்கோளத்தில், சந்திரன் நாளுக்கு நாள் வடக்கு நோக்கி நகரும் வாரத்தில் உதயம் அவ்வளவாகப் பிந்துவதில்லை, தெற்கு நோக்கி நகரும் வாரத்தில் மிகவும் பிந்துகிறது. வடக்கு 40 பாகையில் இந்த இடைவெளி அரை மணி நேரத்துக்கும் கீழே இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு வெகு மேலேயும் ஏறக்கூடும். செப்டம்பர் சம பகலிரவு நாளை ஒட்டிய முழுநிலவு, அடுத்தடுத்த மாலைகளில் சிறு இடைவெளியிலேயே உதிப்பது போலத் தோன்றுவது இதனால்தான். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இந்த ஏற்ற இறக்கம் குறையும். மாணவர் தாமே இடைவெளிகளைக் கழித்து ஒரு வரிசையில் எழுதினால் அந்த எண்கள் ஏறி இறங்குவதைக் காண்பார். 50 என்ற எண் அதில் அரிதாகவே தென்படும்.

இனி, எப்போது பார்ப்பது என்பது. நள்ளிரவில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. முழுநிலவு அன்றும் அதற்குப் பின் நான்கைந்து நாள்களும் உதயம் முன்னிரவில் நிகழும். அமாவாசைக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து ஏறத்தாழ ஆறாம் நாள்வரை மறைவு முன்னிரவில் நிகழும். நேரடியாகப் பதிவு செய்ய இவை இரண்டும் போதும். மற்ற நாள்களில் உதயத்தைத் துரத்துவதைக் காட்டிலும், ஒரே நேரத்தில் சந்திரன் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று குறிப்பது மேல். தேய்பிறை அரைநிலவு காலை வகுப்பு நேரத்தில் மேற்கு வானில் தெளிவாகத் தெரியும். வளர்பிறை அரைநிலவு பிற்பகலில் கிழக்கு வானில் நிற்கும். சந்திரன் இரவுக்கே உரியது என்று எண்ணியிருந்த மாணவர்கள் இதில் அடையும் வியப்பை வேறு எந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை.

#7 அடிவானக்கோடு

பிறைநோக்கி அவர்கள் எழுதியதைப் படித்தபின் இடப்பதிவுக்கு மேலும் ஒரு வாதம் கிடைத்துவிட்டது. சூரியன் ஆறு மாதத்தில் கடக்கும் ஊசலைச் சந்திரன் இரண்டே வாரத்தில் கடக்கிறது, 27.3 நாளில் போய்த் திரும்பியும் விடுகிறது. எனவே ஒரு பருவம் முழுவதும் காத்திருக்க இயலாத வகுப்புகள் சந்திரனிலிருந்தே தொடங்கலாம். டிசம்பரில் வரும் முழுநிலவு, சூரியன் ஜூனில் உதிக்கும் இடத்தை ஒட்டி உதிக்கும் என்பதையும் தாளில் சரிபார்க்கலாம்.

சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதாலும், அந்தச் சாய்வின் திசை 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்றுச் சுற்றுவதாலும், 2024, 2025 ஆண்டுகளில் சந்திரன் வான நடுக்கோட்டிலிருந்து (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலாக வானில் கொள்ளப்படும் கோடு) 28.5 பாகைவரை விலகியது. சூரியனின் எல்லைக் குறிகளைத் தாண்டி உதித்தது. இனி அந்த வீச்சு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, 2034-ஐ ஒட்டி 18.5 பாகை அளவுக்கு வந்துவிடும். ஆகவே இப்போது வரையும் வெளிக்கோட்டுத் தாள்களைப் பத்திரப்படுத்தி, சில ஆண்டுகள் கழித்து வரும் வகுப்பிடம் கொடுப்பது பயனுள்ளது.

#8 புதுப்பலகை

ஒரு நடைமுறைக் கேள்வி. திறந்த வெளியில் நின்று பார்த்தபோதும் செயலி காட்டும் நேரத்துக்கும் நாம் குறிக்கும் நேரத்துக்கும் ஓரிரு நிமிட வேறுபாடு வருகிறது. எதை நம்புவது?

#9 வடமீன்

இரண்டையும் நம்பலாம், அவை ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. முதலில் செயலியில் எந்த இடம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தீர்க்கரேகையில் ஒரு பாகை மாறினால் 4 நிமிடம் மாறும். நிலநடுக்கோட்டில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், கிழக்கு மேற்காக 28 கிலோமீட்டர் தள்ளிய இடத்தின் நேரத்தைக் காட்டினாலே ஒரு நிமிடம் போய்விடும். அடுத்து, நிற்கும் உயரம். சுற்றியுள்ள சமவெளியைவிட 100 மீட்டர் உயரமான இடத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 18 கலை தாழ்ந்து தெரியும். சூரியன் அவருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் முன்னதாக உதிக்கும். பெரும்பாலான அட்டவணைகள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

இவற்றையெல்லாம் சரிசெய்த பின்பும் ஒன்று மிஞ்சும். 34 கலை என்பது ஒரு நிலையான வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் கொள்ளப்பட்ட மதிப்பு. தொடுவானத்தை ஒட்டிய காற்றடுக்குகளின் வெப்பம் மாறினால் அதுவும் மாறும். எனவே நிமிடத்துக்குக் கீழான துல்லியத்தை உதய நேரத்தில் எதிர்பார்ப்பதில் பொருளில்லை. நொடிக்கணக்கில் உதயத்தை அறிவிக்கும் செயலிகளைக் கண்டால் எனக்குச் சிரிப்பே வருகிறது.

சந்திரனுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது அருகில் இருப்பதால், பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதைவிடத் தரையில் நிற்பவருக்குச் சராசரியாக 57 கலை தாழ்ந்து தெரிகிறது. இதுவே இடமாறு தோற்றம். ஒளிவிலகல் உயர்த்த, இது தாழ்த்த, இரண்டும் பெருமளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. உயர்நிலை வகுப்பினர் தம் விரிதாளில் தாமே உதய நேரத்தைக் கணக்கிட முயன்றால், சூரியனுக்கு எழுதிய சூத்திரத்தை அப்படியே சந்திரனுக்குப் பயன்படுத்த முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

#10 நெறியாளர்

இழையின் நடுவே ஒரு பாதுகாப்புக் குறிப்பு. தொடுவானத்தில் சிவந்து தெரியும் சூரியனும் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடும். செந்நிறம் பாதுகாப்புக்கு அடையாளம் அன்று. இருகண்நோக்கி, தொலைநோக்கி, கேமராவின் பார்வைத் துளை ஆகியவற்றின் வழியே சூரியனைப் பார்க்க மாணவர்களை எந்நிலையிலும் அனுமதிக்க வேண்டாம். சூரியனைப் பார்க்காமலே உதயத்தைப் பதிவு செய்யும் வழி ஒன்று உண்டு: கிழக்கு நோக்கிய ஒரு சுவரில் குறியிட்டு, அந்தக் குறியில் நேரடி வெயில் விழும் கணத்தைச் சுவரைப் பார்த்தவாறே குறித்துக்கொள்ளலாம். இருள் விலகாத வேளையில் மாணவர்கள் தனியே வெளியில் நிற்காமல் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

#11 எண்கோடு

சுவர் முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தடையின் உயரத்தைக் கழித்துக்கொள்ளும் வடமீன் ஐயாவின் கணக்கும் அதனுடன் பொருந்தும்.

இந்தத் திட்டத்தில் எனக்குள்ள உண்மையான அச்சம் வேறு. செயலியில் நேரத்தைப் பார்த்துவிட்டு வெளியே செல்லும் மாணவர், செயலி சொன்ன நிமிடத்தையே கண்டதாக எழுதுவார். அவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டாம். எதிர்பார்ப்பு கண்ணை நடத்துகிறது. எனவே பதிவு முடியும்வரை அட்டவணையை ஆசிரியரே வைத்திருக்க வேண்டும். மேகம் மறைத்த நாளின் கட்டம் வெறுமையாகவே இருக்க வேண்டும். அதை அட்டவணையிலிருந்து நிரப்ப அனுமதித்த மறுநாளே கவனிப்பு நின்றுவிடும்.

முதல் சில வாரங்களின் பதிவு கைக்கு வந்ததும், அடுத்த வாரத்தின் நேரத்தை முன்கூட்டியே எழுதி உறையிலிட்டு ஒட்டச் சொல்லுங்கள். கோட்டை அளவுகோலால் நேராக நீட்டுபவரும், வளைவைத் தொடர்ந்து நீட்டுபவரும் வகுப்பில் இருப்பார்கள். எவருடைய ஊகம் நெருங்கி வந்தது, ஏன் என்பதைக் குறித்து நிகழும் வாக்குவாதத்தில் ஆசிரியர் குறுக்கிடாமல் இருப்பதே உத்தமம்.

#12 பிறைநோக்கி

ஒரு சிறிய மாற்றுக்கருத்து. மேகமூட்டமான பருவத்தில் பல வாரங்கள் தொடர்ந்து வெற்றுக் கட்டங்களாகவே நின்றால் இளைய மாணவர்கள் சலிப்படைந்துவிடுவார்கள். அட்டவணை எண்ணை வேறு நிற மையில், வேறு நிரலில் எழுத விடலாம் என்பது என் கருத்து. கண்டது எது, எடுத்து எழுதியது எது என்ற வேறுபாடு தாளில் தெரிந்தால் போதுமானது. சந்திரனைப் பொறுத்தவரை இது தவிர்க்கவே முடியாதது; நேரில் காணக்கூடிய உதயங்கள் மாதத்தில் சிலவே.

#13 நிழற்கோல்

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான மறுமொழிகளை எதிர்பார்க்கவில்லை. இங்கே பேசியவற்றைக் கொண்டு இப்படி ஒரு வடிவம் எடுத்திருக்கிறேன். ஜூன் முதல் வாரத்துக்குப் பின் ஒரு சில நாள் பொறுத்து, பள்ளி மாடியில் ஒரு குறியிட்டு, மேற்கு வெளிக்கோட்டை மாணவர்களே வரைவார்கள். சூரியன் மறையும் இடத்தை வாரந்தோறும் குறிப்பார்கள். மாலையைத் தேர்ந்ததற்குக் காரணம், அதிகாலையில் மாணவர்களை வரவழைப்பது கடினம் என்பதே. உதயத்துக்குச் சுவர் முறையை விரும்புபவர்கள் தம் வீட்டில் பெற்றோருடன் செய்யலாம். சந்திரனுக்கு முன்னிரவில் நிகழும் உதயங்களையும் மறைவுகளையும் மட்டும் நேரில் பதிவு செய்வோம். மற்றவை பச்சை மையில் அட்டவணையிலிருந்து வரும். எண்கோடு அம்மாவின் கூட்டல் கழித்தலை ஆண்டு முழுமைக்குமான அட்டவணையைக் கொண்டு ஜனவரியில் செய்வோம். அப்போதுதான் மறைவு பிந்தத் தொடங்கிய பின்பும் உதயம் பிந்திக்கொண்டே இருப்பதை மாணவர்கள் நேரிலும் காண்பார்கள். கேள்வி கேட்ட மாணவியிடம் விடையை அதுவரை சொல்லாமல் இருப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

கடைசியாக ஓர் ஐயம். நள்ளிரவுக்குப் பின் 12:30-க்கு உதிக்கும் சந்திரனை மாணவர்கள் முந்தைய நாளின் கணக்கிலேயே எழுத விரும்புகிறார்கள். அவர்களுக்கு அது இன்னும் ‘அதே இரவு’. தேதியை எப்படி எழுதச் சொல்வது?

#14 பிறைநோக்கி

அட்டவணையுடன் ஒப்பிட வேண்டியிருப்பதால் நாட்காட்டித் தேதியையே எழுதச் சொல்லுங்கள். அதன் பக்கத்தில் கூடுதலாக ஒரு நிரல் போட்டு, முதல் பதிவின் நாள் தொடங்கும் நள்ளிரவை 0 என வைத்து அங்கிருந்து கடந்த மொத்த மணி நேரத்தையும் எழுதலாம்: முதல் நாள் இரவு 11:40 என்றால் 23 மணி 40 நிமிடம், மூன்றாம் நாள் அதிகாலை 12:30 என்றால் 48 மணி 30 நிமிடம். இடைவெளியைக் காண ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 24 மணி 50 நிமிடம் வந்துவிடும். அந்த நிரலில் வெற்றுக் கட்டம் என்ற ஒன்று வரவே வராது.